கவிழ்ந்த தட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். அரசு மாணவியர் விடுதிகளில் காப்பாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். மாணவிகள் ஒன்றுசேர்ந்து என்னை எதிர்த்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு ஜூன் மாதம் புது விடுதிக்குப் போனேன். 62 பிள்ளைகள். எனக்கு முன்னால் இருந்த வார்டனை எல்லோரும் ‘பெரியம்மா’ என்றுதான் கூப்பிட்டார்களாம். என்னிடம் அந்த வார்த்தை வரவில்லை, ‘மேடம்’தான். முதல் வாரமே பத்து மணிக்கு அணைக்கும் விளக்கை ஒன்பதுக்கு அணைக்கச் சொன்னேன். டிரங்குப் பெட்டிகளைத் திறக்கவைத்து, எறும்பு வருகிறது என்று ஊறுகாய், பருப்புப்பொடி பாட்டில்களை எல்லாம் வாங்கிப் பூட்டினேன். ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். ஒழுங்கு என்று அதைத்தான் நம்பியிருந்தேன்.

எட்டாம் நாள் இரவு சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். தட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு சத்தமில்லை. ஆறாம் வகுப்புக் குழந்தைக்குப் பசியில் கண் கலங்கியது, ஆனாலும் அவள் தட்டும் கவிழ்ந்தேதான் இருந்தது. என் வாயில் வந்த முதல் கேள்வி, ‘யார் தூண்டிவிட்டது?’ இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சமையல் செய்யும் அக்காதான் மெதுவாகச் சொன்னார்: “மேடம், அந்த ஊறுகாயைக் குடுத்துடுங்க. அதுங்களுக்கு அதுதான் வீடு.”

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பத்தாம் வகுப்புக்காரிகளுக்குக் காலையில் குளியலறை வரிசையிலேயே நேரம் போய்விடும், இரவு அந்த ஒரு மணி நேரம்தான் படிப்பு. கடிதத்தைப் பிரித்ததில் ஒருத்தியின் வீட்டுக் கஷ்டம் விடுதி முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மேஜையில் திறந்துபோட்டு வைத்தது நான்தானே. அன்று இரவே பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தேன். விளக்கு பழையபடி பத்து மணிக்கு அணைந்தது. ஆறு மணிக்கு வெளிக்கதவைப் பூட்டுவதை மட்டும் நான் விடவில்லை. ஏன் என்று உட்கார்ந்து விளக்கினேன், கேட்டுக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் கல்லூரி இருக்கிறது. 1824-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி. 2016-இல் தங்கள் அதிபரை, அதாவது தலைமை ஆசிரியரை, மாற்றுவதை எதிர்த்து அந்த மாணவிகள் போராடிய செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கவிழ்ந்த தட்டுகள்தான் ஞாபகம் வந்தன. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு, போகிற பெரியவரோடு பாதி வீடும் போகிறது. புதிதாக வருகிறவர் மேல் கோபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதி நடத்த உரிமம் வேண்டும் என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்து ஒரு குழந்தை தன் குறையைத் தானே சொல்லலாம். 2023-இல் அரசு விடுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாத உணவுப்படி 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. 2025-இல் அந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயரும் வந்தது. எல்லாம் நல்லது, வேண்டியது. ஆனால் ஒரு காப்பாளர் மாறும்போது பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்கிறோமா? பழையவரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து இருக்கிறார்களா? நான் பார்த்தவரை, சாவிக்கொத்தும் இருப்புப் பதிவேடும்தான் கை மாறும்.

நாலு வருடம் கழித்து எனக்கும் மாற்றல் வந்தது. அடுத்து வந்த தங்கைக்குச் சாவியோடு ஒரு நோட்டும் கொடுத்தேன். யாருக்கு வலிப்பு வரும், யாருக்கு அம்மா இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆள் வராமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது யார், யார் பெட்டியில் என்ன ஊறுகாய். எல்லாப் பிள்ளைகளின் பேரும் அதில் இருந்தது.

வணக்கம்.