வெள்ளக்கல் சூளைக்கு எவ்ளோ சூடு வேணும்? ரெண்டு கப்புல கண்டுபிடிக்கலாம்

வணக்கம் மக்களே! ஏற்காடு மலை ரோட்டுல ஒரு கொண்டை ஊசி வளைவுல ஓரமா நிக்கறேங்க. கீழ சேலம் பக்கம் வெள்ளை வெளேர்னு திட்டுத் திட்டா தெரியுது பாருங்க, அதான் மேக்னசைட் சுரங்கம். நம்ம வெள்ளக்கல். ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன்னு பேரு இருக்கற ஊருங்க இது.

அந்தக் கல்லு மெக்னீசியம் கார்பனேட். சூளையில போட்டு சுட்டா கார்பன் டை ஆக்சைடு போயிரும், மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். எஃகு ஆலை உலைக்குள்ள அடுக்கற செங்கல் அதுலதான் செய்றாங்க. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு என் கேள்வி: ஒரு மோல் கல்லை (ஃபார்முலா எடை எவ்ளோவோ அவ்ளோ கிராம்) இப்படி உடைக்க எவ்ளோ வெப்பம் வேணும்?

சூளையில நேரா அளக்க முடியாதுங்க. செவுரு கொஞ்சம் குடிக்கும், புகை கொஞ்சம் தூக்கிட்டுப் போகும். இங்கதான் ஹெஸ்ங்கற வேதியியல் அறிஞர் வர்றாரு. 1840ல அவர் சொன்னது, எந்த வழியா போனாலும் தொடக்கமும் முடிவும் ஒண்ணா இருந்தா மொத்த வெப்ப மாற்றம் ஒண்ணுதான். அப்போ ஆக்சைடை ஒரு கப்புல, கார்பனேட்டை இன்னொரு கப்புல, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கரைப்போம். ரெண்டுமே ஒரே மெக்னீசியம் குளோரைடு கரைசல்லதான் போய் நிக்கும். ரெண்டையும் கழிச்சா சூளையோட கணக்கு கையில வந்துரும். எனக்கு வேதியியல்லயே ரொம்பப் புடிச்ச இடம் இது!

தெர்மாகோல் கப், மூடி, தெர்மாமீட்டர், இதான் கலோரிமீட்டர், அதாவது வெப்பம் அளக்கற கருவி. ஸ்கூல் லேப்ல, டீச்சர் பக்கத்துல இருக்கப்ப, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுட்டு செய்ங்க. உதாரணத்துக்கு 1 மோலார் ஆசிட் 100 மில்லி, அதுல 1 கிராம் ஆக்சைடு. 28 டிகிரியில இருந்தது 36.8க்கு ஏறுச்சுனு வைங்க. ஏற்றம் 8.8.

இப்ப வெப்பம் கணக்கு போட m இன்டூ c இன்டூ டெல்டா T. m நிறை, c தன் வெப்பம் (1 கிராமை 1 டிகிரி ஏத்த வேண்டிய ஜூல்), டெல்டா T வெப்பநிலை ஏற்றம். நிறைய பேர் m-க்கு 1 கிராம் போட்டுடறாங்க. நிறுத்துங்க! சூடானது எது? கப்புல இருக்கற மொத்தக் கரைசலும். அதனால m 101 கிராம். c-க்கு தண்ணியோட 4.18ஏ போதும். 101 × 4.18 × 8.8, சுமார் 3715 ஜூல். அந்த 1 கிராமுக்கு இங்கதான் வேலை: ஆக்சைடோட மோலார் நிறை 40.3ஆல வகுத்தா 0.0248 மோல். 3715ஐ 0.0248ஆல வகுங்க, மோலுக்கு 150 கிலோ ஜூல். கரைசல் சூடாச்சுன்னா வினை வெப்பத்தை வெளிய விட்டிருக்கு, அதனால மைனஸ் 150. டெல்டா T-ல 273 கூட்டாதீங்க, வித்தியாசம் கெல்வின்லயும் அதேதான்.

கார்பனேட்டுக்கு மைனஸ் 50 வாக்குல வரும், அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும். மைனஸ் 50ல இருந்து மைனஸ் 150ஐக் கழிச்சா பிளஸ் 100. ஒரு மோல் கல்லை உடைக்க 100 கிலோ ஜூல் உள்ள கொடுக்கணும். 1 கிலோ கல்லுல கிட்டத்தட்ட 12 மோல் இருக்கு, அப்ப 1200 கிலோ ஜூல். 4 லிட்டர் தண்ணிய நம்ம ஊரு சூட்டுல இருந்து கொதி வரைக்கும் கொண்டுபோற வெப்பம்ங்க அது. கல்லை 700 டிகிரிக்கு மேல சூடேத்தற செலவு இதுல சேரல.

கார்பனேட் கப்புலதான் சிக்கல். வெள்ளக்கல் சூடாக்காத ஆசிட்ல மெதுவாத்தான் கரையும், அதுக்குள்ள கப்பு சூட்டை வெளிய விட்டுடும். மாவா அரைச்சுப் போடுங்க. போடறதுக்கு 3 நிமிஷம் முன்னாடியே ஆரம்பிச்சு அரை நிமிஷத்துக்கு ஒருதரம் வெப்பநிலைய எழுதி கிராஃப் போடுங்க. கடைசியில இறங்கற கோட்டை, தூள் போட்ட நேரம் வரைக்கும் பின்னாடி நீட்டுங்க. அங்க, தூள் போடறதுக்கு முன்னாடி இருந்த கோட்டுல இருந்து இந்தக் கோடு வரைக்கும் கிடைக்கற உயரம்தான் உங்க டெல்டா T. லேப் பாட்டில்ல வர்ற மெக்னீசியம் கார்பனேட் பெரும்பாலும் ஹைட்ராக்சைடும் தண்ணியும் சேர்ந்தது. லேபிள்ல இருக்கற ஃபார்முலாவப் பாத்துட்டு அப்புறமா மோல் கணக்கு போடுங்க.