கல்லூரி முதல் வருஷம்: வாய் திறந்து கேளுங்கள்

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பிளஸ் டூ முடித்துவிட்டு இந்த வருஷம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்காகப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இங்கே ஒரு அரசு கலைக் கல்லூரியில் முதலாமாண்டுக்குப் பல வருஷமாக வேதியியல் நடத்துகிறேன். அங்கே பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

பள்ளியில் உங்களைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயந்திரம் ஸ்டடி, வாரா வாரம் டெஸ்ட், மார்க் குறைந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தூங்கி எழுகிற நேரம்கூட வேறு யாரோ வைத்த மணிப்படிதான். கல்லூரியில் இது ஒரே நாளில் நின்றுவிடும். நோட்ஸ் எழுதினாயா, புரிந்ததா, ஏன் நேற்று வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. முதல் இரண்டு மாதம் அது சந்தோஷமாகத்தான் இருக்கும், அப்புறம் செமஸ்டர் தேதி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

முதல் செமஸ்டரில் அரியர், அதாவது பாஸ் ஆகாமல் திரும்ப எழுத வேண்டிய தாள், விழுகிறவர்கள் எல்லாரும் படிப்பு வராதவர்கள் இல்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய எத்தனையோ பேருக்கு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: புரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சத்துக்குப் பெரிய காரணம் இங்கிலீஷ். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், முதல் மாதம் வகுப்பில் பாதி காதில் ஏறாது. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என்ன செய்தாள் தெரியுமா? நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு, நான் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தையைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். 'அயனைசேஷன் எனர்ஜி' என்று எழுதியிருப்பாள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வகுப்பு முடிந்ததும் நோட்டை நீட்டுவாள். "சார், இது பதினொன்றாவதில் படித்த அயனியாக்கும் ஆற்றல்தானே?" அதேதான்! பாடம் அவளுக்கு முன்பே தெரியும், பெயர்தான் புதுசு. தீபாவளிக்குள் ஓரத்தில் கேள்விக்குறிகள் குறைந்துவிட்டன. இன்னொன்று, பல பாடங்களில் தேர்வைத் தமிழிலேயே எழுத அனுமதி இருக்கிறது, உங்கள் துறையில் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்க் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பெரும்பாலான தாள்களில் கல்லூரியிலேயே போடுகிற இன்டர்னல் மார்க் 25, செமஸ்டர் தேர்வு 75. இன்டர்னலில் முழுசாக வாங்கினாலும், தேர்வில் தனியாக எடுக்க வேண்டிய குறைந்தபட்ச மார்க்கை எடுக்காவிட்டால் அரியர்தான். பர்கூர் மாதிரி இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போகிறவர்கள் முதல் செமஸ்டர் கணக்கை மட்டும் தள்ளிப்போடவே போடாதீர்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விட முடியும், ஊர்ப் பண்டிகை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் அதற்குள்தான். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பஸ் போனால் முதல் ஹவர் போயிற்று. அதனால் பஸ் நேரத்தைத் துறையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், காரணம் தெரிந்தால் ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், சேரும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ராகிங் செய்தால் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது, 1800 180 5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். நன்றாகப் படிக்கிற பெண் இரண்டாவது செமஸ்டரில் திடீரென்று வராமல் போவாள், கேட்டால் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அரியரைவிட அதுதான் வருத்தம். நல்ல வரன், விட்டால் கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தால், டிகிரி முடியட்டும் என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். அந்தப் பேச்சை அந்தப் பெண்ணால் தனியாகப் பேச முடியாது. சொந்தக்காரர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாவிட்டால் கல்லூரிக்கு வாருங்கள், அவளுடைய வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள், சேர்ந்து பேசுவோம்.