கோதுமை படாத கிரீம் பிஸ்கட்: கிறிஸ்துமஸ் தட்டுக்கு ஒரு செய்முறை

[காட்சி: சமையலறை மேடை. கழுவித் துடைத்த பாத்திரங்கள், புதுச் சல்லடை, பச்சரிசி, முந்திரி.]

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரியில் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டி இறங்குவதே இல்லை. முறுக்கு, அதிரசம், கலகலா, ரோஸ் குக்கீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெந்துகொண்டே இருக்கும். என் அக்கா மகளுக்குக் கோதுமை ஆகாத சீலியாக் நோய் இருப்பது உறுதியான ஆண்டில், அந்தத் தட்டிலிருந்து அவள் எதை எடுக்கலாம் என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவளுக்கென்று தனி டப்பா வைத்துப் பார்த்தோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து பத்துப் பிள்ளைகள் ஒரே தட்டில் கைவிடும் வீட்டில் தனி டப்பா அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே பிஸ்கட், அதில் கோதுமை அறவே கிடையாது என்று முடிவு செய்தோம். இரண்டு வட்டங்களுக்கு நடுவில் சாக்லேட் வைத்த அந்தக் கிரீம் பிஸ்கட்டைத்தான் இன்று செய்யப்போகிறோம்.

கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் பின்னிக்கொண்டு ரப்பர் போன்ற ஒரு வலையாகின்றன. பரோட்டா மாவை வீசும்போது அது கிழியாமல் விரிவது இந்த வலையால்தான். இதற்குப் பெயர் குளூட்டன். பார்லியிலும் ரை தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் உண்டு. சீலியாக் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவருடைய சிறுகுடலின் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைத்துவிடுகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வழி. சந்தேகம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படி நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமலே போகக்கூடும் என்பதால், முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

"அரிசி மாவுல கோதுமை எங்கடி வரும்?" என்று முதல் ஆண்டு அம்மா கேட்டார். வந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில்தான் மாவு மில்லில் எங்கள் பச்சரிசியையும் போட்டார்கள். மறுநாள் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கக் கூடாது. 20 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவு; மில்லின் தகட்டில் ஒட்டியிருக்கும் தூள் அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

அதற்குப் பிறகு வீட்டையே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். முறுக்கு அரிசி மாவில்தான் செய்வது, ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அச்சிட்டிருக்கும். அதிரசத்தில் கோதுமை இல்லை, ஆனால் மைதாவில் செய்த கலகலாவைப் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரித்தால் பயனில்லை. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதை நம் வீடுகளில் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர் பேக்கரிகளில் கிடைக்கும் பிரெஞ்சு மக்கரோன் பாதாம் தூள், முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றால் ஆனது, இயல்பாகவே கோதுமை இல்லாதது. ஆயினும் அதே மேசையில் மைதா குரோசான் தேய்க்கும் இடத்தில் அதை நம்பி வாங்க எனக்குத் துணிவு வரவில்லை.

[காட்சி: மிக்ஸியில் ஈர அரிசி.]

இப்போது மாவு. அதிரசத்துக்குச் செய்வதைப் போலவே பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாற உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலித்துவிடுங்கள். சலித்த மாவைக் குறைந்த தீயில், நிறம் மாறாமல், கோலம் போடும் பதத்துக்கு உதிரும் வரை வறுத்து ஆறவிடுங்கள். ஊறிய அரிசி மென்மையாக உடைவதால் காய்ந்த அரிசியை அரைப்பதைவிட இது நைசாக வரும். கோதுமை இல்லாத பிஸ்கட்டில் நாவில் மணல் போல நெருடும் குறையின் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த மாவில் 150 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 80 கிராம் முந்திரியை, அந்த அரிசி மாவிலேயே இரண்டு கரண்டி சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றிப் பொடியாக்குங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு முந்திரிக்குப் பஞ்சமில்லை; இரண்டாகப் பிளந்த பருப்பே போதும், முழுப் பருப்புக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இவற்றுடன் 50 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு டீஸ்பூன் இசப்கோல் (மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கும் விதை உமி), ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலந்துவையுங்கள். இசப்கோல் நீரை உறிஞ்சிக் கூழ் போலாகி, குளூட்டன் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்யும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ரொட்டிக்குக் குளூட்டன் முதுகெலும்பு. பிஸ்கட்டுக்கோ அது தொல்லை. மைதாவில் பிஸ்கட் செய்கிறவர்களே வெண்ணெயை அள்ளிப் போட்டு, மாவை அதிகம் பிசையாமல், அந்த வலை உருவாகாதபடிதான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே கோதுமையை விட்டுவிட்டு பேக் செய்யப் பழகுகிறவர்கள் பிஸ்கட்டிலிருந்து தொடங்கினால் கைக்கு எளிதாக வரும். நமக்கு வரும் சிக்கல் சுவையில் இல்லை, உடைவதில்தான் இருக்கிறது.

140 கிராம் வெண்ணெயையும் 90 கிராம் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு டேபிள்ஸ்பூன் பால் சேர்த்து, மாவுக் கலவையைப் போட்டுத் திரட்டுங்கள். உருண்டையைப் பிதுக்கினால் விளிம்பு வெடிக்கும். பயந்துபோய்ப் பாலை ஊற்றிவிடாதீர்கள். மூடி 45 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் கொடுத்தால், வெடித்த அதே உருண்டை வழவழப்பாகத் திரண்டு நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

[காட்சி: இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் மாவு.]

பூரிக்கட்டையில் வைத்துத் தேய்க்க வேண்டாம். சப்பாத்தி மாவு ஏறிய பழைய மரக்கட்டையை எவ்வளவு கழுவினாலும் என்னால் நம்ப முடிவதில்லை. இரண்டு பட்டர் பேப்பருக்கு இடையில் மாவை வைத்து, கழுவிய கண்ணாடி பாட்டிலால் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டி, 5 சென்டிமீட்டர் அகல வட்டங்களாக வெட்டுங்கள். வெண்ணெய் உருகத் தொடங்க 32 டிகிரி வெப்பம் போதும். நம் கடற்கரை ஊரில் டிசம்பர் மதியமே 30 டிகிரியை நெருங்கும். ஆகையால் வெட்டிய வட்டங்களைத் தட்டோடு மீண்டும் 15 நிமிடம் குளிரவைத்துவிட்டு ஓவனில் வைத்தால்தான் பரவாமல் நிற்கும்.

165 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். விளிம்பு மட்டும் இளம்பொன் நிறமானால் எடுத்துவிடலாம். எடுத்தவுடன் தொடாதீர்கள். சூட்டில் தொட்டால் நொறுங்கும். பத்து நிமிடம் தட்டிலேயே கிடந்தால் இறுகிவிடும். ஏறக்குறைய 48 வட்டங்கள், அதாவது 24 ஜோடிகள் கிடைக்கும்.

நடுவில் வைப்பதற்கு 150 கிராம் டார்க் சாக்லேட்டைத் துருவி, 75 கிராம் ஃபிரெஷ் கிரீமைச் சூடாக்கி அதன்மேல் ஊற்றிக் கலக்கி ஆறவையுங்கள். சாக்லேட் இரு பங்கு, கிரீம் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கில் செய்தால் நம் ஊர் வெப்பத்திலும் வழியாது. வெண்ணெய்க் கிரீம் வழிந்துவிடும். சாக்லேட் உறையில் மால்ட் என்று இருந்தால் அது பார்லி, வேண்டாம். கொய்யா ஜாம் வைக்க ஆசைப்படுபவர்கள், வட்டத்தின் உட்புறத்தில் உருக்கிய சாக்லேட்டை மெல்லப் பூசி உலரவிட்டு அதன்மேல் ஜாம் தடவுங்கள். இல்லையென்றால் ஜாமின் ஈரம் இறங்கி மறுநாளே பிஸ்கட் நமத்துவிடும்.

வெறும் வட்டங்களை 20ஆம் தேதியே சுட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடலாம். ஒட்டுவதை 24ஆம் தேதி மாலைக்கு விட்டுவிடுங்கள். ஒரு வட்டத்தின் நடுவில் ஒரு டீஸ்பூன் சாக்லேட் கலவை வைத்து, இன்னொன்றை மேலே வைத்து, அழுத்தாமல் லேசாகத் திருகினால் சாக்லேட் தானாகவே விளிம்புவரை வரும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

அன்றிரவு பக்கத்து வீடுகளிலிருந்து கேக்கும் கலகலாவும் தட்டுத் தட்டாக வரும். எங்கள் வீட்டில் அவை ஃபிரிட்ஜின் தலைமேல் போய்விடும். அவற்றைத் தொட்ட கை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிஸ்கட் டப்பாவுக்குள் போகலாம். டப்பாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு அதைக் காவல் காக்கும் வேலை என் அக்கா மகளுடையது.