நினைவில் விடுபட்டவள் மட்டையோடு வந்தாள்

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டை மக்களே, வணக்கம். பழைய நினைவைத் தூண்டும் விளம்பரங்கள் பெண்ணை முன்னேற்றுகின்றனவா, இருந்த இடத்திலேயே நிறுத்துகின்றனவா என்பது தலைப்பு. முன்னேற்றுகின்றன என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மசாலாப் பொடி விளம்பரங்களை எடுத்து வைத்தார். பாட்டி, அம்மிக்கல், அம்மாவின் கைப்பக்குவம், சாப்பிட்டுவிட்டுப் பாராட்டும் மகன். சரி, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கேட்பரி சாக்லேட்டின் கிரிக்கெட் விளம்பரத்தையும் அதே மூட்டையில் கட்டி, "ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றினார்கள், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். அதைத்தான் மறுக்கிறேன்.

1994இல் முதல் படம் வந்தது. ஆட்டக்காரர் 99 ரன்னில் நிற்கிறார். அடித்த பந்து எல்லைக்கோட்டில் நின்ற ஃபீல்டரையும் தாண்டிச் சிக்ஸராகிறது. கூட்டத்தில் சாக்லேட்டோடு இருந்த பெண் காவலாளிக்குப் போக்குக் காட்டிவிட்டு மைதானத்துக்குள் ஓடி ஆடுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத ஆட்டம். ஆனாலும் சதம் அவனுடையது, கதையும் அவனுடையது. 2021இல் அதே பாட்டு, அதே பதற்றம், மட்டை மட்டும் அவள் கையில். ஓடிவந்து ஆடுகிறவன் அவன்.

இது வெறும் இடமாற்றமா? அந்த ஆணைப் பாருங்கள். அவன் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் இல்லை, அனுமதி கொடுத்தவனும் இல்லை. அவள் ஜெயித்ததில் வெட்கமே இல்லாமல், ஊர் பார்க்கக் குதிக்கிறான். பெண் சிக்ஸர் அடிப்பதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். பெண்ணின் வெற்றிக்கு இப்படி ஆடும் ஆணை நம் திரையில் எத்தனை முறை பார்த்தோம்?

இதில் நினைவின் வேலை என்ன? பழைய படத்தைப் பார்க்காதவருக்கு இது ஒரு மேட்ச். பார்த்தவருக்கோ, யாரும் உபதேசம் செய்யாமலே, அன்று அவள் ஏன் கேலரியில் மட்டும் இருந்தாள் என்ற கேள்வி தானாக வருகிறது. பெண்கள் ஆடாததாலா? மகளிர் உலகக் கோப்பை 1973இலேயே நடந்தது, ஆண்களுக்கு 1975இல்தான். 1976இல் இந்திய மகளிர் அணி முதல் டெஸ்டில் இறங்கியபோது தலைமை தாங்கிய சாந்தா ரங்கசாமி இதே மெட்ராஸில் பிறந்தவர். ஆடினார்கள் ஐயா, நம் நினைவில்தான் இல்லை. பழைய படத்தில் விடுபட்டதைப் புதிய படம் சேர்த்தது.

"நம்ம தெருவுக்கும் அந்த ஸ்டேடியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றும் எதிரணிச் சகோதரி கேட்டார். கேரம் என்றால் தெருமுனையில் போர்டைச் சுற்றி நிற்கும் பையன்கள்தான் நமக்கு ஞாபகம் வருகிறார்கள். 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி நம் வியாசர்பாடி. 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநரின் மகள். சம்பந்தம் இதுதான்.

சாக்லேட் விற்கத்தானே எடுத்தார்கள் என்பீர்கள். ஆமாம், விற்கத்தான். 1994லும் விற்கத்தான் எடுத்தார்கள், அன்று அவள் கையில் மட்டை இல்லை. அடுத்து வரும் எதிரணி நண்பர் மசாலாப் பொடிக்குத் திரும்பிப் போகாமல், அந்தப் பெண் அடித்த சிக்ஸர் அவளை எந்த இடத்தில் நிறுத்திவைக்கிறது என்று மட்டும் சொல்லட்டும்.