சேவலுக்கு ஒரு பதில்

நடுவர் அவர்களே, மற்ற ரண்டு அணி நண்பர்களே, வெளிவீதியிலை கச்சான் சுருளோடை நிண்டு கேக்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

இளையோர் தொழிலைத் தெரிவுசெய்ய வழிகாட்டவேண்டியது திறமையா, ஆர்வமா, தன்னொழுக்கமா? நான் தன்னொழுக்கம் எண்டு சொல்ல வந்திருக்கிறன்.

ஆர்வத்துக்காகப் பேசின தம்பி ஒரு பகிடி விட்டார். "விடிய நாலு மணிக்கு எழும்புறதுதான் தகுதியெண்டால், முதல் நியமனத்தைக் கோயில் சேவலுக்குக் குடுங்கோ" எண்டார். நீங்களும் கை தட்டினீங்கள். இனி அந்தச் சேவலைப் பிடிப்பம்.

சேவலின்ரை உடம்புக்குள்ளையே ஒரு மணிக்கூடு இருக்கு. இருட்டறையிலை அடைச்சு வைச்சாலும் விடியப்போற நேரம் அதுக்குத் தெரியும், கூவும். கூவ மனம் வராத நாளெண்டு சேவலுக்கு ஒண்டு இருக்கே? எங்களுக்கு இருக்கு. அந்த நாளிலை என்ன செய்யிறம் எண்டதுதான் தன்னொழுக்கம், தம்பி!

பனையடிக்கு வாங்கோ. கள்ளெண்டு சிரிக்காதேங்கோ, அது அரும்பாடுபடுற தொழில். பாளையைக் கட்டி, நசுக்கி, நாட்கணக்காய்ப் பதப்படுத்தினாப் பிறகுதான் நீர் சுரக்கும். பிறகு விடியவும் பின்னேரமும், நாளுக்கு 2 தரம் ஏறோணும். ஏறி, நுனியிலை மெல்லிசாய் ஒரு சீவல். தடிப்பாய்ச் சீவினால் பாளை கெதியிலை முடிஞ்சுபோம். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ஞ்சு அடைபட்டு நீர் நிண்டுபோம். கருப்பநீர், அதுதான் புளிக்காத இனிப்பு நீர், வேணுமெண்டால் நீர் பிடிக்கிற முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசோணும். மறந்தால் புளிச்சுக் கள்ளாகிப்போம்.

ஏறத் தெரிஞ்சவர் ஊரிலை 10 பேர் இருக்கலாம். அது திறமை. முதல்நாள் ஆசையோடை ஏறுறவர் 20 பேர் இருக்கலாம். அது ஆர்வம். நாப்பதாம் நாள், தூறல் மழையிலை, உடம்பு உளையேக்கை, மரமேறக் கட்டுற தளநாரைக் காலிலை போட்டுக்கொண்டு மரத்தடியிலை நிக்கிறவர் எவரோ, அவரின்ரை முட்டிதான் நிறையும். பின்வரிசைக்கும் கேக்கத் திரும்பச் சொல்லுறன்: நாப்பதாம் நாள்! தூறல் மழையிலை! ஆர்வம் அண்டைக்குப் போர்வைக்குள்ளை. திறமை அதுக்குப் பக்கத்துப் பாயிலை.

இனிப் படிப்புக்கு வருவம். எங்கடை இலங்கையிலை சாதாரணதரப் பரீட்சை முடிய, 16, 17 வயதிலை, உயர்தரத்துக்கு உயிரியலோ கணிதமோ வர்த்தகமோ கலையோ தொழினுட்பமோ எண்டு பிள்ளை தெரிவுசெய்யோணும். பல்கலைக்கழகம் போக உயர்தரப் பரீட்சையை 3 தரம் எழுதலாம். பல பாடநெறியளின்ரை பல்கலைக்கழக இடங்களிலை 55 வீதம் வரை மாவட்ட அடிப்படை எண்டாலும், இசட் புள்ளி எண்ட தரவரிசைப் புள்ளி ஒருத்தரையும் சும்மா உள்ளை விடாது. மூண்டாந்தரமும் புத்தகத்தை விரிக்கிற பிள்ளையை ஆர்வமே இருத்தி வைக்குது?

ஆனபடியால் பிள்ளையளே, சாதாரணதரப் பெறுபேறு வரும்வரைக்கும் மாதக்கணக்காய்ச் சும்மா இருக்காதேங்கோ. அதிலை 30 நாள் எடுங்கோ. விரும்பின பாடத்திலை ஒரு அலகு, நாளுக்கு ஒரு மணித்தியாலம். தவறின நாளைக் கலண்டரிலை வட்டம் போட்டுக் காரணத்தை எழுதுங்கோ. 'காய்ச்சல்', 'கலியாணவீடு' எண்டால் பறவாயில்லை. 'மனமில்லை' எண்டு 10 வட்டம் விழுந்தால், அந்த டொக்டர் கனவு உங்கடையில்லை, சித்தப்பாவின்ரை. வயரிங் வேலையிலை 30 நாளும் தவறாமல் நிண்டனீங்களோ? தொழினுட்பக் கல்லூரிக்குப் போங்கோ. தேசிய தொழிற்தகைமை (NVQ) எண்ட படிமுறையிலை 4ஆம் மட்டம் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். அந்தக் கலண்டரைவிட நேர்மையான வழிகாட்டி ஆர்?

நடுவர் மணி அடிச்சிட்டார். ஒரு நிமிசம் தாங்கோ ஐயா, சேவல் இன்னும் என்ரை கையிலைதான் இருக்கு.

இறக்கின கருப்பநீரை வைச்சிருக்க ஏலாது. வடிச்சு, தாச்சியிலை ஊத்தி, விடாமல் துழாவோணும். நெருப்புக் கூடினால் அடிப்பிடிச்சுக் கைக்கும். பதம் வர முதல் இறக்கினால் பனங்கட்டி இறுகாது. புகை கண்ணை எரிக்க, நாரி நோக, பதம் பாத்துக் குட்டான் எண்ட சின்ன ஓலைப்பெட்டியிலை ஊத்துறது அந்த மரமேறுறவர் வீட்டு அம்மா. "உங்களுக்கு இதிலை ஆர்வமோ அம்மா?" எண்டு அவவை ஒருத்தரும் ஒருநாளும் கேக்கேல்லை. அந்தக் குட்டான் வித்த காசிலை ரியூசனுக்குப் போன பிள்ளையள் இந்தக் கூட்டத்துக்குள்ளை இருக்கினம்.

தம்பி, மரத்துக்குப் போற மனிசனுக்குத் தேத்தண்ணி வைக்க அவ அடுப்பு மூட்டேக்கை உங்கடை சேவல் கூவிட்டுதோ எண்டு அந்தப் பிள்ளையளைக் கேளுங்கோ.

நன்றி, வணக்கம்.