ஏஜென்ட் நம்பர் கேக்கறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதுங்களா? ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்கு, பரவால்ல, கத்தியே பேசிடறேன்.

இந்த மாதிரி எழுத்துப் பட்டறைல எப்பவும் முதல்ல வர்றது ஒரே கேள்விதான், எனக்கு ஒரு லிட்டரரி ஏஜென்ட், அதாவது நம்ம புஸ்தகத்தை பதிப்பகத்துகிட்ட வித்து குடுக்கற ஆளு, அவர் நம்பர் கிடைக்குமா. நம்பர் தரேன்னு யாராச்சும் சொன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. உங்க தமிழ் நாவல் விலை 250 ரூபான்னு வச்சுக்குவோம், ராயல்டி, அதாவது விக்கற விலைல எழுத்தாளர் பங்கு, 10 சதவீதம்னா ஒரு பிரதிக்கு 25 ரூபா, 300 பிரதி வித்தா 7,500. ஏஜென்ட் கமிஷன் 15 சதவீதம்னா அவருக்கு கிடைக்கறது 1,125 ரூபா. அதுக்கு அவர் உங்க 400 பக்கத்தை படிக்கணும், திருத்தம் சொல்லணும், நாலு பதிப்பகத்துக்கு அலையணும், அக்ரிமென்ட் பேசணும். யாரு வருவாங்க? தமிழ்ல ஏன் ஏஜென்ட் அவ்வளவா இல்லன்னு பெரிய பெரிய கட்டுரை எல்லாம் எழுதறாங்க, இந்த 1,125 ரூபாதாங்க பதில்.

அப்ப யாருக்கு ஏஜென்ட் தேவை? இங்கிலீஷ்ல எழுதறவங்களுக்கு, அப்புறம் தமிழ்ல எழுதி அது வேற மொழிக்கு போகணும்னு நினைக்கறவங்களுக்கு. இந்த ஹால்ல ரெண்டு கோஷ்டியும் இருக்கீங்கன்னு நினைக்கறேன்.

லண்டன்ல இந்த தொழில் 1870கள்லயே ஆரம்பிச்சிருச்சு. ஏ.பி. வாட்னு ஒருத்தர், அவரைத்தான் முதல் ஏஜென்ட்னு சொல்வாங்க, 10 சதவீதம் வாங்கினார். இப்ப சொந்த நாட்டு விற்பனைக்கு 15, வெளிநாடு, மொழிபெயர்ப்புக்கு 20ன்னு ஆயிருக்கு, ஏன்னா அங்க இன்னொரு ஊர் ஏஜென்டும் பங்குக்கு வந்துடுவார். நம்ம ஊர் வீட்டு புரோக்கர் வாங்கறவன்கிட்டயும் கமிஷன், விக்கறவன்கிட்டயும் கமிஷன்னு ரெண்டு பக்கமும் கறப்பார்ல, இவங்க அப்படி கிடையாது, எழுத்தாளர் பக்கம் மட்டும்தான் உக்காரணும், அதுவும் காசு வந்தப்புறம்தான் கமிஷன். பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் ஏஜென்ட்களுக்கு சங்கம் இருக்கு, படிச்சு பாக்கறதுக்கு ஃபீஸ் வாங்கக்கூடாதுங்கறது அவங்க நெறிமுறைலயே இருக்கு.

அதனாலதான் சொன்னேன் சந்தேகப்படுங்கன்னு. ரீடிங் ஃபீஸ் 5,000, எடிட்டிங் பேக்கேஜ் 60,000, அப்புறம் 'நாங்களும் பாதி போடறோம் நீங்களும் பாதி போடுங்க' அப்படின்னு ஒருத்தர் போன் பண்ணா அவர் ஏஜென்ட் இல்லங்க, உங்களைத்தான் அவர் வாடிக்கையாளரா பாக்கறார், புஸ்தகத்தை யாருக்கு விக்கறதுங்கற கவலையே அவருக்கு கிடையாது. சொந்தக் காசுல புஸ்தகம் போடறது தப்புன்னு நான் சொல்லல, தாராளமா போடுங்க, அது வேற வியாபாரம்னு தெரிஞ்சு போடுங்க. அமெரிக்காவுல ரைட்டர் பிவேர்னு ஒரு அமைப்பு 1998லேர்ந்து இந்த மாதிரி ஆளுங்களை அம்பலப்படுத்திட்டு இருக்கு, யார் பேர்ல மெயில் வந்தாலும் முதல்ல அங்க போய் தேடி பாருங்க. பெரிய ஏஜென்சி பேரையே திருடி மெயில் அனுப்பற ஆளுங்களும் இருக்காங்க, அதனால மெயில் ஐடில அட் குறிக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. லண்டன்ல நூறு வருஷ ஏஜென்சி ஜிமெயில்ல இருந்தா உங்களுக்கு எழுதப்போவுது?

சரி, நல்ல ஏஜென்டை எப்படி கண்டுபிடிக்கறது. எனக்கு தெரிஞ்சு இதுக்கு இருக்கற பெஸ்ட் வழி செலவே இல்லாதது. உங்க எழுத்துக்கு பக்கத்துல வர்ற மாதிரி, கடந்த நாலஞ்சு வருஷத்துல வந்த இங்கிலீஷ் நாவல் இருபது எடுங்க, கடைசில நன்றின்னு ஒரு பக்கம் இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க, அதுல எழுத்தாளர் தன் ஏஜென்ட் பேரை பெரும்பாலும் சொல்லியிருப்பார். இருபது பேர் லிஸ்ட் ரெடி. அந்தந்த ஏஜென்சி வெப்சைட்டுக்கு போய் அவங்க இப்ப புதுசா ஆள் எடுக்கறாங்களா, என்ன அனுப்பச் சொல்றாங்கன்னு பாருங்க. பொதுவா லண்டன்னா ஒரு கடிதம், ஒரு பக்க சினாப்சிஸ், அதாவது கதைச் சுருக்கம், முதல் மூணு அத்தியாயம். அமெரிக்காவுல அந்த கடிதத்துக்கு பேரு க்வெரி லெட்டர், கூட முதல் அஞ்சு பத்து பக்கம் கேப்பாங்க. நாவல்னா முழுசா எழுதி முடிச்சிருக்கணும், பாதி எழுதி வச்சிருக்கேன்னு போகாதீங்க. கட்டுரை நூல், வரலாறு மாதிரின்னா ப்ரபோசலும், அதாவது என்ன எழுதப்போறீங்கங்கற திட்டமும், ஒண்ணு ரெண்டு மாதிரி அத்தியாயமும் போதும். இந்தியாவுலயே பாக்கணும்னா ஜெய்ப்பூர்ல சியாஹி, டெல்லில ரைட்டர்ஸ் சைட், ரெட் இங்க், அப்புறம் பெங்களூர்ல 1997ல ஆரம்பிச்ச ஜகரண்டா, இப்படி கொஞ்சம் இருக்கு.

இப்ப அந்த கடிதத்துக்கு வருவோம், இங்கதான் நம்மாளுங்க சொதப்பறது. ஏன்னா நமக்கு அணிந்துரை எழுதி எழுதியே பழக்கம். 'மானுட வாழ்வின் ஆழங்களைத் தேடும் ஒரு பயணம் இந்நாவல்'. இதைப் படிச்சுட்டு கதை என்னன்னு சொல்ல முடியுமா? உப்பளத்தை பத்தின நாவலாவும் இருக்கலாம், நிலாவுக்கு போற நாவலாவும் இருக்கலாம். இப்படி எழுதி பாருங்க: 'தூத்துக்குடி உப்பளத்துல வேலை செய்யற முத்துமாரி, புருஷன் காணாம போன அன்னைக்கு ராத்திரி முதலாளி ஆபீஸ்லேர்ந்து ஒரு கணக்கு நோட்டை தூக்கிட்டு வந்துடறா. அந்த நோட்டுல புருஷன் பேரு செத்தவங்க லிஸ்ட்ல மூணு மாசம் முன்னாடியே இருக்கு.' ரெண்டே வரி. யாரு, எங்க, என்ன சிக்கல், எல்லாம் வந்துருச்சு, அடுத்தது என்னன்னு கேக்கத் தோணுது. அதுக்கப்புறம் வார்த்தை எண்ணிக்கை, எந்த வகை, நீங்க யாரு ரெண்டு வரி, எதுக்கு இந்த ஏஜென்டுக்கு அனுப்பறீங்கன்னு ஒரு வரி. மொத்தமே ஒரு பக்கம், 300 வார்த்தைக்குள்ள. உங்க அம்மாவுக்கு நாவல் ரொம்ப பிடிச்சதுங்கறது வேணாம். சினிமாவா எடுத்தா சூப்பரா இருக்கும்ங்கறது வேணவே வேணாம். சினாப்சிஸ்ல மட்டும் முடிவை மறைக்காதீங்க, கொலைகாரன் யாருன்னு அங்க சொல்லியே ஆகணும், சஸ்பென்ஸ் வாசகருக்குத்தான், ஏஜென்டுக்கு கதை கடைசில நிக்குதா விழுதான்னு தெரியணும்.

இருபது பேருக்கும் ஒரே நாள்ல அனுப்பாதீங்க. அஞ்சாறு பேருக்கு அனுப்புங்க, ஒரே நேரத்துல பல பேருக்கு அனுப்பறது வழக்கம்தான், யாரும் கோச்சுக்க மாட்டாங்க, ஆனா ஒரே மெயில்ல எல்லாரையும் சிசி போட்டா கதை கந்தல். மாசக்கணக்கா பதில் வராது, பல பேர் கடைசி வரைக்கும் போடவே மாட்டாங்க, அங்க அது மரியாதைக் குறைவும் கிடையாது. அஞ்சாறு பேருமே கடிதத்தோடயே வேணாம்னுட்டா கடிதத்தை மாத்துங்க. முழு நாவலையும் கேட்டு வாங்கி படிச்சுட்டு வேணாம்னா அப்ப நாவல்லதான் கை வைக்கணும்.

நம்ம ஊர்ல எல்லாரும் அருந்ததி ராய் கதையை சொல்வாங்க. அப்ப ஹார்ப்பர்காலின்ஸ்ல எடிட்டரா இருந்த பங்கஜ் மிஸ்ரா கையெழுத்துப் பிரதியை படிச்சு லண்டனுக்கு அனுப்பினார், டேவிட் காட்வின்ங்கற ஏஜென்ட் படிச்சுட்டு ஃப்ளைட் பிடிச்சு இந்தியாவுக்கே வந்துட்டார், 1997ல நாவல் வந்து அதே வருஷம் புக்கர் பரிசு. உண்மைதான், ஆனா அதை நம்பி நாம உக்காந்திருக்க முடியாது. கேத்ரின் ஸ்டாக்கெட்டுன்னு அமெரிக்க எழுத்தாளர், 60 ஏஜென்ட் அவங்க நாவலை வேணாம்னாங்க, 61ஆவது ஆள் சரின்னார், 2009ல வெளியாகி லட்சக்கணக்குல வித்துது. திரும்ப திரும்ப வேணாம்னு வந்தப்பவும் அவங்க உக்காந்து திருத்தி எழுதிட்டே இருந்தாங்கங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது.

சரின்னு ஒருத்தர் சொல்லிட்டார்னா உடனே கையெழுத்து போட்டுடாதீங்க, நீங்களும் கேள்வி கேளுங்க. என்னென்ன மாத்தச் சொல்வீங்க, எந்தெந்த பதிப்பகத்துக்கு அனுப்புவீங்க, யார் என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கு தெரியப்படுத்துவீங்களா, இந்த ஒரு புஸ்தகத்துக்கு மட்டுமா இல்ல அடுத்ததுக்கும் சேத்தா, பிரியணும்னா எத்தனை நாள் நோட்டீஸ். பிரிஞ்சப்புறமும் அவர் வித்த புஸ்தகத்துக்கு கமிஷன் அவருக்கு போயிட்டேதான் இருக்கும், அது நியாயமும்கூட. பதிப்பகத்து பணம் முதல்ல ஏஜென்சிக்கு போய், கழிச்சுட்டுதான் உங்களுக்கு வரும். உதாரணத்துக்கு 10,000 பவுண்டு அட்வான்ஸ்னா, அதாவது பின்னாடி ராயல்டில கழிச்சுக்கற முன்பணம், கையெழுத்துக்கு ஒரு பங்கு, பிரதி ஒப்படைச்சா ஒரு பங்கு, வெளியானா ஒரு பங்குன்னு பிரிச்சு பிரிச்சு வரும், 15 சதவீதம் போக மொத்தம் 8,500, அதுவும் ஒண்ணரை ரெண்டு வருஷத்துல. 18 பவுண்டு புஸ்தகத்துக்கு 10 சதவீதம் ராயல்டின்னா 5,500 பிரதிக்கு மேல வித்தாத்தான் அட்வான்ஸ் கழிஞ்சு அடுத்த காசு வரும். விக்கலன்னா அட்வான்ஸை திருப்பி கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க, ஆனா அடுத்த புஸ்தகத்துக்கு அந்த கணக்கை எடுத்து பாப்பாங்க.

இப்ப தமிழ்ல எழுதறவங்களுக்கு வரேன், நான் முக்கியமா சொல்ல வந்ததே இதுதான். ஏஜென்ட் விக்கறது உரிமையை, அதையும் துண்டு துண்டா நறுக்கி விப்பார். பிரிட்டனுக்கு ஒருத்தர், அமெரிக்காவுக்கு ஒருத்தர், ஆடியோ தனி, ஜெர்மன் தனி, படம் தனி. நம்மள்ல பல பேருக்கு ஏஜென்ட் இல்ல, அதனால அந்த நறுக்கற வேலையை நாமளே பண்ணணும், நாம என்ன பண்றோம்? புஸ்தகம் வந்தா போதும்னு 'சகல உரிமைகளும்'னு ஒரு வரி போட்ட பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வெளியீட்டு விழாவுக்கு சட்டை தைக்க போயிடறோம். பல பேருக்கு அந்த பேப்பரும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 19ஆம் பிரிவை ஒரு தடவை படிங்க, பெருசு ஒண்ணும் இல்ல. உரிமையை எழுதிக் குடுக்கறது எழுத்துலதான் இருக்கணும். எத்தனை வருஷம்னு போடலன்னா அஞ்சு வருஷம்னு அர்த்தம். எந்த நாடுன்னு போடலன்னா இந்தியா மட்டும்னு அர்த்தம். வாங்கின உரிமையை அவர் ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா, அக்ரிமென்ட்ல வேற மாதிரி சொல்லியிருந்தா ஒழிய, அது காலாவதி. அந்த 'ஒழிய'தான் ஆபத்து, நைசா ஒரு வரில இந்த பாதுகாப்பை எல்லாம் எடுத்துட முடியும், அதனால தமிழ் அச்சு உரிமை, இத்தனை வருஷம்னு மட்டும் குடுங்க, மொழிபெயர்ப்பு, ஆடியோ, சினிமா மூணும் உங்ககிட்ட இருக்கட்டும். பதிப்பாளரே வெளிநாட்டுல வித்து தரேன்னு சொன்னா நல்லதுதான், ஜெர்மனில ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் காட்சி வரைக்கும் போய் விக்கற தமிழ் பதிப்பகம் இருக்கு, அப்ப அவருக்கு எத்தனை சதவீதம்னு எழுதி வாங்கிக்குங்க.

எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, பூமணி எழுதின வெக்கை 1982ல வந்துது, அது அசுரன்னு படமானது 2019ல. நடுவுல 37 வருஷம். அப்புறம் அதுவே தெலுங்குல நாரப்பாவா 2021ல வந்துது. யாருக்கு எவ்ளோ போச்சுங்கற பேச்சுக்கு நான் வரல, இன்னைக்கு நீங்க கையெழுத்து போடற பேப்பரை 2060ல ஒருத்தர் எடுத்து படிப்பார், அவ்ளோதான். 2023 ஜனவரிலேர்ந்து தமிழ்நாடு அரசு சென்னைல பன்னாட்டு புத்தகக் காட்சி நடத்துது, அங்க நடக்கறது முழுக்க உரிமை வியாபாரம். உரிமை யார்கிட்ட இருக்குன்னே தெரியாத புஸ்தகத்தை அங்க ஒருத்தரும் பேச முடியாது.

ஒரு சீட்டு வந்திருக்கு. 'இங்கிலீஷ் நாவலை கிண்டில்ல நானே போட்டுட்டேன், ஏஜென்டுக்கு அனுப்பலாமா?' கிண்டில்ல போட்டாலும் வெளியிட்டதுதாங்க. ரொம்ப நல்லா வித்திருந்தா ஒழிய பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, புதுசா ஒண்ணு எழுதி அனுப்புங்க, கிண்டில்ல போட்டதை கடிதத்துல ஒரு வரியா சொல்லிடுங்க, மறைக்காதீங்க, பேரை தேடினா முதல்ல அதுதான் வரும். தமிழ்ல வெளியான புஸ்தகம்னா இந்த பிரச்சனை இல்ல, இங்கிலீஷ் உரிமை இன்னும் யாருக்கும் விக்கலல்ல. ஒரு முப்பது பக்கம் நல்ல மொழிபெயர்ப்பாளரை வச்சு பண்ணி, அவங்களுக்கு பேசின காசை குடுத்து, பேரையும் போட்டு அனுப்புங்க.