தட்டைக் கொட்டுவதற்கு முன்னால்

வணக்கம். சளி பிடித்த பிள்ளை ராத்திரியெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழும். விடிந்தால் தலையணையில் சீழ் ஒட்டியிருக்கும். மூக்கின் பின்பக்கமிருந்து நடுச்செவிக்குப் போகிற குழாய் அடைத்துக்கொள்வதால் வருகிற வினை. அந்தச் சீழில் என்ன கிருமி என்று பார்ப்பதுதான் முப்பது வருடம் என் பிழைப்பு.

முட்டம் பக்கமிருந்து ஓர் அம்மா வருவார். மூன்று தடவை வந்தும் மகனின் சீழில் 'கிருமி வளர்ச்சி இல்லை' என்றே எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கேட்டார்: "ஒண்ணும் இல்லண்ணா பின்ன இந்தச் சீழு எங்கயிருந்து வருது சாரே?" என்னிடம் பதில் இல்லை. ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தாலும் கிருமி வளராமல் போகலாம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆப்பத்துக்கு ஆட்டி வைத்த மாவு விடிந்தால் பொங்கியிருக்கும் அல்லவா? பெரும்பாலான கிருமிகளும் அப்படித்தான். ரத்தம் கலந்த அகர், அதாவது கிருமி வளர்க்கிற கூழ் உறைந்த தட்டில் சீழைத் தடவி வைத்தால் மறுநாள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு நாள் பார்ப்போம், இல்லையென்றால் தட்டைக் கொட்டிவிடுவோம். நானும் நிறையக் கொட்டியிருக்கிறேன்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஃபேடன், ட்ரைஜா என்கிற இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகளின் நடுச்செவி நீரில் அதுவரை பட்டியலில் இல்லாத ஓர் உருண்டைக் கிருமியைக் கண்டு 1989-இல் எழுதினார்கள். அது மெல்ல வளர்கிற ஜாதி, கண்ணுக்குத் தெரிய மூன்று நாள், ஐந்து நாள்கூட ஆகும். அதாவது, நான் தட்டைக் கொட்டிய பிறகு! 1992-இல் அதற்கு அல்லோயோகாக்கஸ் ஓட்டைட்டிஸ் என்று பெயர் வந்தது. கிரேக்கத்தில் 'அல்லோயோஸ்' என்றால் வேறானது. நோயே அதனால்தானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, நல்ல காதிலும் அது குடியிருக்கிறது.

இன்றைக்கு ஒரு கிருமியைப் புதிது என்று சொல்ல, எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கிற, சுமார் 1500 எழுத்துள்ள 16எஸ் என்கிற மரபணுவைத் தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். பொருத்தம் 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புது இனமாக இருக்கலாம். அப்புறம் உயிருள்ள கிருமியை இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். பத்திரம் பதியாமல் நிலம் நம்முடையது ஆகாதே, அதுபோல. ஆனால் இதெல்லாம் தட்டில் ஏதாவது முளைத்த பிறகுதான். அதனால் மறுபடியும் சொல்கிறேன், தட்டை அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள்.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 1994-இல் சூரிக் நகரின் லத்தீன் பெயரைச் சூட்டிய டூரிசெல்லா என்கிற இன்னொரு காதுக் கிருமி, பின்னாளில் அந்தப் பெயரையே இழந்த கதையும் வைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும்: சீழ் வடிகிற காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். வணக்கம்.